பிள்ளைகளுக்கு நற்குணம் பழக்குவது: சேலம், ஏற்காடு பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லோரும் வண்டியை எடுத்த பிறகு, வராந்தா ஓரமாக நின்று "டீச்சர், ஒரு நிமிஷம்" என்று தொடங்குவார்களே, அப்படி வந்த கேள்விகள் இவை. சில, சபையில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு நடக்கும் ஓய்வுநாள் பள்ளிக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் தாய்மார் கேட்டவை. சில, பிள்ளையை ஏற்காட்டில் போர்டிங்கில் சேர்க்கலாமா என்று யோசிக்கும் அப்பாக்கள் கேட்டவை. சேலத்தில் பள்ளியிலும் சபையிலும் பிள்ளைகளோடு உட்கார்ந்து பழகியவள் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன்.

எந்த வயதிலிருந்து தொடங்க வேண்டும்?

பேச்சு வருவதற்கு முன்பே. பால் பாக்கெட் போட வருகிறவரிடம் நீங்கள் எந்தக் குரலில் பேசுகிறீர்கள் என்பதை இடுப்பில் இருக்கும் குழந்தை கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வேதாகமத்தில் உபாகமம் 6ஆம் அதிகாரத்தை எல்லோரும் மேற்கோள் காட்டுவோம்: "நீ உன் வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும்" பிள்ளைகளோடு பேச வேண்டும் என்று. அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள். அந்த வார்த்தைகள் முதலில் "உன் இருதயத்தில்" இருக்க வேண்டும் என்கிறது. பெற்றோரின் இருதயத்தில். பிள்ளையின் முறை அதற்குப் பிறகுதான்.

தினமும் குடும்ப ஜெபம் பண்ணுகிறோம். வசனம் எல்லாம் ஒப்பிக்கிறான். ஆனாலும் வாயைத் திறந்தால் பொய். ஏன்?

ஏற்காடு பஸ்ஸில் ஒரு நாள் பார்த்தது. முன் சீட்டில் ஒரு அம்மா, ஜன்னல் பக்கம் மகன். கண்டக்டர் வந்து, "பையனுக்கு என்ன வயசும்மா?" என்றார். "நாலரைங்க." பையன் சட்டென்று திரும்பி, "அம்மா, எனக்கு ஆறு முடிஞ்சிருச்சில்ல?" என்றான். அம்மாவின் கை அவன் தொடையில் போய்க் கிள்ளியது. கண்டக்டர் சிரித்துக்கொண்டே பையனுக்கு டிக்கெட் கிழிக்காமல் நகர்ந்தார். அதற்குப் பிறகு மலை ஏறும் வரைக்கும் பையன் வாயே திறக்கவில்லை. அந்த அம்மா கெட்டவர் இல்லை. கையில் வேதாகமப் பை வைத்திருந்தார், மேலே ஏதோ ஜெபக் கூட்டத்துக்குப் போகிறவராக இருக்கலாம். ஆனால் அன்று அந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று: உண்மை சொன்னால் வலிக்கும்.

பிள்ளைகள் பொய் சொல்வது பெரும்பாலும் பயத்தால்தான். அடுத்த காரணம், பெரியவர்கள் சொல்வதைக் கேட்டது. "அப்பா வீட்டில் இல்லைன்னு சொல்லு" என்று போனைப் பிள்ளை கையில் கொடுப்பது. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு, "வயிற்றுவலி" என்று லீவ் லெட்டர் எழுதித் தருவது. அந்த லெட்டரில் கையெழுத்துப் போடுவது நாம், அதைக் கொண்டுபோய் டீச்சரிடம் நீட்டுவது பிள்ளை. ராத்திரி அதே பிள்ளையை உட்கார வைத்து, "உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும் சொல்லுங்கள்" என்று மத்தேயு 5ஐ மனப்பாடம் பண்ண வைத்தால் என்ன பலன்? வசனம் நாக்கில் நிற்கும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, இனி டிக்கெட்டும் லீவ் லெட்டரும் உண்மையாகவே இருக்கட்டும். "உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போனோம்" என்று எழுதுங்கள். பள்ளியில் ஒரு வார்த்தை கேட்டால் கேட்டுக்கொள்ளுங்கள், பிள்ளை அதையும் பார்க்கட்டும். இரண்டாவது, தவறு செய்துவிட்டு உண்மையைச் சொல்லும் பிள்ளைக்கு, சொன்னதற்காகத் தண்டனை கூடாது. "உண்மையைச் சொன்னா அடிக்க மாட்டேன்" என்று வரவழைத்துவிட்டு அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதைவிட அடிக்காமலே மிரட்டியிருக்கலாம். ஒரு தடவை அப்படி ஏமாந்த பிள்ளை அடுத்த தடவை உங்களிடம் வராது.

"பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று வேதமே சொல்கிறதே. அடிக்காமல் எப்படி வளர்ப்பது?

நீதிமொழிகள் 13:24. இந்த வசனத்தைச் சொல்லித்தான் பல வீடுகளில் பெல்ட்டை உருவுகிறார்கள். ஆகவே இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

வேதத்தில் ஒரு வசனம் தனியாக நிற்பதில்லை. அதே வேதம் எபேசியர் 6:4இல், "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல், கர்த்தருக்கேற்ற சிட்சையிலும் போதனையிலும் அவர்களை வளர்ப்பீர்களாக" என்கிறது. கொலோசெயர் 3:21, பிள்ளைகள் திடனற்றுப்போய்விடக் கூடாது என்று எச்சரிக்கிறது. கர்த்தருக்கேற்ற சிட்சை என்றால், கர்த்தர் எப்படிச் சிட்சித்தார் என்று பார்க்க வேண்டாமா? தம்மைத் தெரியவே தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்த சீடன் பேதுருவை இயேசு கரையில் உட்கார வைத்து, முதலில் மீனும் அப்பமும் கொடுத்தார். பிறகு மூன்று தடவை "நீ என்னை நேசிக்கிறாயா?" என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரு பொறுப்பைக் கையில் கொடுத்தார். பேதுரு துக்கப்பட்டான் என்று யோவான் எழுதுகிறார். அந்தத் துக்கம்தான் சிட்சை. அதற்குப் பிரம்பு தேவைப்படவில்லை.

"எங்கப்பா அடிச்சுத்தான் நான் உருப்பட்டேன்" என்று சொல்லும் அண்ணன்மார்களிடம் ஒன்று கேட்பேன். உங்கள் அப்பா அடித்ததால் உருப்பட்டீர்களா, இல்லை அவர் விடியற்காலையில் எழுந்து தறியில் உட்கார்ந்து உங்களைப் படிக்கவைத்ததைப் பார்த்து உருப்பட்டீர்களா? இந்தக் கேள்விக்குப் பலருக்கும் கண் கலங்கிவிடும்.

இத்தாலியின் டூரின் நகரத் தெருக்களில் திக்கற்றுத் திரிந்த பையன்களைச் சேர்த்து வளர்த்தவர் டான் பாஸ்கோ. 1888இல் இறந்தார். கத்தோலிக்கர். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றாலும் இந்த விஷயத்தில் அவரிடம் கற்றுக்கொள்ளத் தயங்க மாட்டேன். தம் முறையை 1877இல் சுருக்கமாக எழுதிவைத்தார்: விளங்கும்படி காரணம் சொல்வது, தேவபக்தி, கனிவு, இந்த மூன்றும்தான். அடியை விலக்கினார். தவறு நடந்த பிறகு தண்டிப்பதைவிட, தவறு நடக்காதபடி பெரியவர்கள் பையன்களோடு கூடவே இருக்க வேண்டும், விளையாட்டு மைதானத்தில்கூட இருக்க வேண்டும் என்றார். அவர் தொடங்கிய சலேசிய சபையாரின் இல்லம் ஏற்காட்டிலேயே இருக்கிறது.

அடிக்குப் பதில் என்ன என்று கேட்டால், என் பதில்: ஈடு செய்ய வைப்பது. எண்ணாகமம் 5:7ஐப் பாருங்கள். தவறு செய்தவன் அதை அறிக்கையிட வேண்டும், எடுத்ததைத் திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். வரி வசூலித்த சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, திருப்பித் தருகிறேன் என்று தானாகவே எழுந்து நின்றான். இதை வீட்டில் செய்து காட்டிய ஒரு ஆயாவை எனக்குத் தெரியும்.

அம்மாபேட்டையில் இருக்கும் குடும்பம். நாலாவது படிக்கும் பேத்தி ஓய்வுநாள் பள்ளிக் காணிக்கை பத்து ரூபாயில் வழியில் தட்டுவடை செட் வாங்கித் தின்றுவிட்டாள். சட்டையில் பீட்ரூட் சிவப்பு. ஆயா கண்டுபிடித்துவிட்டார். சத்தம் போடவில்லை. "யாரு காசுடி கண்ணு அது?" என்று மட்டும் கேட்டார். பிள்ளை கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "இயேசப்பா காசு" என்றது. "அப்ப திருப்பிக் குடுத்தரலாமா?" பேத்தி சரி என்றாள். அந்த வாரம் முழுவதும் சாயங்காலம் ஆயா புளி உடைக்கும்போது பேத்தியும் கூட உட்கார்ந்து கொட்டை எடுத்தாள். நாளைக்கு இரண்டு ரூபாய் கூலி. அடுத்த ஞாயிறு பன்னிரண்டு ரூபாய், எல்லாம் சில்லறையாக, அவள் கையாலேயே தட்டில் விழுந்தது. பத்தும், ஐந்தில் ஒரு பங்காக இரண்டும். தட்டைப் பிடித்திருந்த பையன், "இவ்ளோ சில்லறையா?" என்றான். அந்தப் பிள்ளை நிமிர்ந்து நின்றதை நான் பார்த்தேன். அடி வாங்கிய பிள்ளை அப்படி நிமிர்ந்து நிற்காது.

கவனியுங்கள், ஆயா இதை ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. மாமாவிடமும் சித்தியிடமும் போனில் சொல்லிச் சிரிக்கவில்லை. சபையில் சாட்சியாகவும் சொல்லவில்லை. பெற்றோர் பலர் தவறும் இடம் இதுதான். ஈடு செய்து முடிந்த தவறு முடிந்ததுதான். அடுத்த மாதம் வேறெதற்கோ கோபம் வரும்போது "அன்னைக்குக் காணிக்கைக் காசைத் தின்னவதானே நீ" என்று எடுத்தால், மன்னிப்பு என்பதே பொய் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

பள்ளியில் அடிப்பது பற்றிப் பேச்சுக்கே இடமில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி, தன் பொறுப்பில் இருக்கும் பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது குற்றம். "இது மிஷன் பள்ளிக்கூடம், கண்டிப்பாத்தான் இருக்கும்" என்பது இதற்கெல்லாம் சமாதானம் ஆகாது. கிறிஸ்துவின் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளியில் ஒரு பிள்ளை முட்டி போட்டு நின்றால், அந்தப் பெயருக்குத்தான் இழுக்கு.

ஏற்காட்டில் போர்டிங்கில் சேர்த்தால் ஒழுக்கம் வந்துவிடுமா?

குளுனி கன்னியர் நடத்தும் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894இல் தொடங்கியது. மான்ஃபோர்ட் சகோதரர்கள் 1917இல் தங்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். சுமார் 1500 மீட்டர் உயரம், குளிர், காப்பித் தோட்ட அமைதி. நூறு வருடங்களுக்கு மேலாக எங்கெங்கிருந்தோ பிள்ளைகளை இந்த மலைக்கு அனுப்பிவருகிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு வரும் பெற்றோருக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

போர்டிங் சில பழக்கங்களை நன்றாகவே தரும். மணி அடித்தால் எழுவது, தன் படுக்கையைத் தானே மடிப்பது, தட்டில் விழுந்ததைச் சாப்பிடுவது, பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவனோடு ஒத்துப்போவது. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவர்களுக்கு இந்தக் கடைசி விஷயம் பெரிய வரம். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளி வளாகத்தில் நின்று பாருங்கள். மரத்தடியில் ஒவ்வொரு குடும்பமும் பிரியாணி டப்பாவைத் திறந்து வைத்திருக்கும். யாருக்கு ஆள் வரவில்லை என்று கண்ணால் துழாவி, அவனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து தன் அம்மா பக்கத்தில் உட்கார வைக்கிற பையன் ஒருவன் இருப்பான். அவனுக்கு யாரும் அதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். போன மாதம் அவனுக்கே ஆள் வராமல் இருந்திருக்கும்.

ஆனால் போர்டிங் பெற்றோர் ஆகாது. "இனி அடம்புடிச்சா போர்டிங்ல போட்டுருவேன்" என்று மிரட்டி, பிறகு கொண்டுபோய் விட்ட பிள்ளைக்கு அந்த இடம் ஜெயில்தான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறும்போது அந்தப் பிள்ளை மனதில் ஓடுவது, தன்னை வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள் என்பதே. இரண்டாவது, அப்பா அம்மா சண்டையிலிருந்து தப்பவைக்கப் போர்டிங் என்றால், சண்டையை முதலில் பாருங்கள். எட்டு வயதுக்குக் கீழ் இருந்தால், வேறு வழியே இல்லாத குடும்பங்களைத் தவிர, வேண்டாம் என்பதுதான் என் எண்ணம்.

சேர்க்கும் முன் ஒரு சாதாரண வார நாளில் போய்ப் பாருங்கள். விழா நாளில் போகாதீர்கள். ராத்திரி டார்மிட்டரியில் பெரியவர் யார் தூங்குகிறார், பிள்ளை வீட்டுக்கு எப்போது போன் பேசலாம், பேசும்போது பக்கத்தில் யாராவது நிற்பார்களா, பிள்ளைக்கு ஒரு கஷ்டம் என்றால் வார்டனைத் தவிர வேறு யாரிடம் போகலாம் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். நல்ல பள்ளி கோபித்துக்கொள்ளாது. கூட்டிப் பெருக்கும் அக்காவிடமும் சமையல்கட்டு அண்ணனிடமும் அங்குள்ள பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்றும் கேட்டுவையுங்கள். உங்கள் பிள்ளை அங்கே அந்தப் பேச்சைத்தான் கற்கப்போகிறது.

சேர்த்த பிறகு, பிள்ளை ஒரு பெரியவரைப் பற்றித் தயங்கித் தயங்கி ஏதாவது சொன்னால், "ஃபாதரைப் பத்தி, சிஸ்டரைப் பத்தி அப்படியெல்லாம் பேசக் கூடாது" என்று வாயை அடைத்துவிடாதீர்கள். முழுவதும் கேளுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அறிந்தவர் எவரும் புகார் சொல்லியே ஆக வேண்டும். சபையின் மானம், பள்ளியின் பெயர் எல்லாம் அதற்கு அப்புறம். குழந்தைகள் உதவி எண் 1098. உங்கள் பிள்ளைக்கும் அந்த எண் மனப்பாடமாக இருக்கட்டும்.

கிறிஸ்தவப் பள்ளி என்றாலே நற்குணம் சொல்லித் தருவார்கள்தானே?

சொல்லித் தர நேரம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். டைம் டேபிளில் நீதிபோதனை வகுப்பு இருக்கும். டிசம்பர் வந்தால் அந்த வகுப்பைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொள்வார். இது ஊரறிந்த விஷயம். பத்தாவது, பன்னிரண்டாவது என்றால் அந்த வகுப்பு பேருக்குத்தான் இருக்கும்.

லண்டன் மிஷன் சேலத்தில் ஊழியம் தொடங்கியது 1827இல். அன்றிலிருந்து இந்த ஊரில் சபையும் பள்ளியும் ஒன்றையொன்று ஒட்டியே வளர்ந்தன. அந்தப் பள்ளிகளில் படித்த பெரியவர்கள் இன்று நினைவுகூர்வது எந்த நீதிபோதனைப் பாடத்தையும் இல்லை. ஃபீஸ் கட்ட முடியாதபோது யாருக்கும் தெரியாமல் கட்டின வாத்தியாரை, மஞ்சள்காமாலை வந்தபோது வீடு தேடி வந்த ஹெட்மிஸ்டிரஸை நினைக்கிறார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது ரிசல்ட் போர்டைப் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே, பின்தங்கிய பிள்ளையை அந்தப் பள்ளி ஒன்பதாம் வகுப்போடு டி.சி. கொடுத்து அனுப்புகிறதா, கூட வைத்துக்கொண்டு தூக்கிவிடுகிறதா என்றும் விசாரியுங்கள். தொண்ணூற்றொன்பது ஆட்டை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன மேய்ப்பரின் பெயரில் நடக்கும் பள்ளிக்கு இதுதான் பரீட்சை.

நாங்கள் இந்துக் குடும்பம். பெண் கான்வென்ட்டில் படிக்கிறாள். ஜெபத்தில் கட்டாயம் கலந்துகொள்ள வேண்டுமா?

வேண்டியதில்லை. அரசமைப்புச் சட்டம் 28(3) இதைத் தெளிவாகவே சொல்கிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், சம்மதம் இல்லாமல் யாரையும் மதபோதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கச் சொல்ல முடியாது. சிறு பிள்ளை என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். வழக்கமாகக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்று தனித்தனி வகுப்பாகப் பிரித்திருப்பார்கள். தயக்கம் இருந்தால் தலைமையாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்.

இதைப் படிக்கும் கிறிஸ்தவப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழாவில் பக்கத்து வீடே தீச்சட்டி எடுக்கும்போது, பிள்ளை முன்னால் கேலி பேசாதீர்கள். நம் விசுவாசத்தில் உறுதியாக நிற்க அடுத்தவர் விசுவாசத்தை மட்டம் தட்டத் தேவையில்லை. அந்த வீட்டு அக்கா கூழ் ஊற்றிய கையோடுதான் நம் வீட்டுக் கிறிஸ்துமஸ் பலகாரத்தையும் வாங்கிக்கொள்கிறார்.

"நாம என்ன ஆளுங்கம்மா?" என்று மகள் கேட்கிறாள். என்ன சொல்வது?

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவை நான் மதிக்கிறேன். பலரும் கேட்பதே இல்லை, மெல்லிய குரலில் சாதிப் பெயரைச் சொல்லி, "வெளியில சொல்லாதே" என்று முடித்துவிடுகிறார்கள்.

சபை வாழ்க்கையில் நமக்குள்ள பெரிய பாவம் இது என்று நினைக்கிறேன். ஞாயிறு காலை ஒரே அப்பத்தில், ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிறோம். சாயங்காலம் வரன் பார்க்கும்போது "கிறிஸ்டியன், அதே கம்யூனிட்டி" என்று கேட்கிறோம். பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறார்கள். யாக்கோபு தம் நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தில், பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல இடமும் எளியவனுக்கு "நீ அங்கே நில்லு" என்ற பேச்சும் கொடுக்கிற சபையைக் கண்டிக்கிறார். நம் ஊரில் அதற்குச் சாதியும் சேர்ந்துகொண்டது.

மகளிடம் உண்மையைச் சொல்லுங்கள். "ஊர் நம்மளை இந்தப் பேர் சொல்லிக் கூப்பிடுது. அதனால சிலரை மேலே வெச்சாங்க, சிலரைக் கீழே தள்ளினாங்க. அது தப்பு. நம்ம வீட்டில அது கிடையாது." இந்தக் கடைசி வரியைச் சொல்வதற்கு முன், அது உண்மைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்குத் தனி டம்ளர் இருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்க வரும் மலையாளிப் பழங்குடி மக்களை, பாட்டி வயதில் இருப்பவர்களைக்கூட, டவுனிலிருந்து போகும் பிள்ளைகள் "வா, போ" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த இடத்திலேயே நிறுத்தி, "வாங்க பாட்டின்னு சொல்லு" என்று திருத்துங்கள். காரில் ஏறின பிறகு திருத்தினால், அந்தப் பாட்டிக்கு அது போய்ச் சேராது.

மொபைலை எப்படிக் கட்டுப்படுத்துவது?

சாப்பாட்டு நேரத்திலும் ஜெப நேரத்திலும் யார் கையிலும் போன் இருக்கக் கூடாது, அப்பா கையிலும்தான். படுக்கையறைக்குள் போன் போகக் கூடாது. இரவு எல்லாப் போனும் ஹாலில் ஒரே இடத்தில் சார்ஜ் ஆகட்டும். வேதாகமத்தை ஆப்பில் படிக்கிறேன் என்பவர்கள் வீட்டு ஜெபத்துக்காவது அச்சிட்ட புத்தகத்தை எடுங்கள். பிள்ளைக்கு நீங்கள் படிப்பது சங்கீதமா ரீல்ஸா என்று தூரத்திலிருந்து தெரியாது.

நான் ஒருத்திதான் சபைக்குப் போகிறேன். வீட்டுக்காரர் வருவதில்லை. என் ஒருத்தியால் முடியுமா?

முடியும். பவுலோடு ஊழியம் செய்த தீமோத்தேயுவின் அப்பா கிரேக்கர் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. அவனுக்குள் இருந்த மாயமற்ற விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும், அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பவுல் எழுதுகிறார். ஒரு பாட்டியும் ஒரு அம்மாவும் போதுமாயிருந்தது.

ஒன்று மட்டும் வேண்டாம்: பிள்ளை முன்னால் அப்பாவைக் குறைத்துப் பேசுவது. "உங்கப்பா மாதிரி ஆயிடாதே" என்று ஜெபத்திலேயே சொல்கிறவர்கள் உண்டு. உங்கள் வீட்டுக்காரர் சபைக்கு வராவிட்டாலும், கடனை நாள் தவறாமல் கட்டுகிறவராக, வெள்ளிப் பட்டறையில் ஒரு குந்துமணி எடை ஏமாற்றாதவராக இருக்கலாம். அதைப் பிள்ளைக்கு எடுத்துக்காட்டுங்கள்.

"பிட் அடிக்காதவன் யாரு?" என்கிறான் ப்ளஸ் ஒன் படிக்கும் மகன். என்ன செய்வது?

அவன் அப்படிக் கேட்பதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது: மார்க் குறைந்தால் வீட்டில் தன் மரியாதை போய்விடும் என்று. முதலில் அந்தப் பயத்தை எடுங்கள். "நீ நேர்மையா எழுதி ஐம்பது வாங்கினா, அந்த பேப்பர்ல நான் சந்தோஷமா கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லுங்கள். பிறகு உண்மையாகவே ஐம்பது வாங்கி வரும் அந்த நாளில் முகத்தைச் சுளிக்காமல் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். மாமா பையன் எத்தனை வாங்கினான் என்று அன்று கேட்கவே கூடாது.

பரீட்சைக்கு முன் தலையில் கை வைத்து ஜெபிக்கிறோமே, அதில் "நல்ல மார்க் கொடும் ஆண்டவரே" என்பதோடு "உண்மையாய் எழுத உதவும்" என்றும் சேர்த்துச் சத்தமாக ஜெபியுங்கள். எதற்காக ஜெபிக்கிறோமோ அதைத்தான் பெரிதாக நினைக்கிறோம் என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

சபையில்தான் வளர்ந்தான். இப்போது காலேஜ் போனதும் ஆராதனைக்கே வருவதில்லை. எங்கே தவறினோம்?

பதில் எப்போதும் உங்கள் தவறு என்று இல்லை. ஆசாரியன் ஏலி தன் குமாரரை அடக்கவில்லை என்று வேதம் குற்றம் சொல்கிறது, உண்மைதான். ஆனால் ஏலியிடம் வளர்ந்த சாமுவேல் யார்மேலும் பழி இல்லாமல் வாழ்ந்தவர். அவருடைய குமாரரும் பரிதானம் (லஞ்சம்) வாங்கினார்கள் என்று 1 சாமுவேல் 8இல் படிக்கிறோம். அங்கே சாமுவேலைக் குற்றம் சொல்லும் வார்த்தை ஒன்றுமில்லை. "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து" என்ற நீதிமொழி ஞானமான ஆலோசனை. ஆனால் பிள்ளை வழிமாறினால் அதையே எடுத்துப் பெற்றோரைக் குத்துகிறவர்கள், அன்பில்லாதவர்கள்.

அவனிடம் சபைக்கு வரச் சொல்லி ஒவ்வொரு ஞாயிறும் சண்டை போடாதீர்கள். போதகரை வீட்டுக்கு வரவழைத்துத் திடீரென்று அவன் முன்னால் உட்கார வைக்காதீர்கள். அவன் கேள்விகள் என்ன என்று கேளுங்கள். சில கேள்விகள் சபையைப் பற்றி நியாயமானவையாகவே இருக்கும்: பணம், தேர்தல் சண்டை, சாதி. "நீ சொல்றது சரிதான்டா" என்று ஒப்புக்கொள்ள வேண்டிய இடத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். லூக்கா 15இல் அப்பா, வீட்டைவிட்டுப் போன இளைய மகனைத் தேடி ஊர் ஊராக அலையவில்லை, வீட்டுக் கதவையும் பூட்டவில்லை. மகன் தூரத்தில் வரும்போதே கண்டுகொண்டார் என்றால், அவர் அந்த வழியைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ராத்திரி அவன் எத்தனை மணிக்கு வந்தாலும் தோசை ஊற்றிக் கொடுங்கள். சாப்பிடும்போது பிரசங்கம் வேண்டாம்.

ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்பினால் போதாதா?

வாரத்தில் ஒரு மணி நேரம். அதில் பாட்டு, வருகைப்பதிவு, காணிக்கை போக மீதி எவ்வளவு? 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கியது, வாரம் முழுவதும் வேலைக்குப் போன ஏழைப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரத்தான். பெற்றோருக்குப் பதிலாக நிற்க அது தொடங்கப்படவில்லை. மே மாத வி.பி.எஸ்.ஸும் (விடுமுறை வேதாகமப் பள்ளி) அப்படித்தான். பத்து நாள் ஆட்டம் பாட்டம் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், அனுப்புங்கள். வீட்டுக்கு வந்ததும் "இன்னைக்கு என்ன கதை?" என்று கேட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வசனம் ஒப்பித்தால் காசோ சாக்லேட்டோ கொடுக்கலாமா?

சாக்லேட் எப்போதாவது கொடுங்கள், தவறில்லை. காசு வேண்டாம். அதைவிட, பிள்ளை ஒரு வசனத்தின்படி நடந்ததைப் பார்த்த அன்று, தம்பிக்கு விட்டுக்கொடுத்தாலோ, உடைத்த பாத்திரத்தைத் தானே வந்து சொன்னாலோ, அன்று ராத்திரி ஜெபத்தில் அதைப் பேர் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்துங்கள். பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கும்.